அத்தை மகனுக்கு எந்தக் கட்டம்?

சரியான விடையைச் சொன்னதற்காகத் திட்டு வாங்குகிற தொழில் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நான் ஈப்போ நகரத்துச் சிலிபினில் ஆறு வருஷம் பார்த்தேன்.

வாரநாட்களில் நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு, காதர் நானாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், அரசாங்க மருத்துவமனை வேலைகளுக்கான நுழைவுத் தேர்வுக்கு வகுப்பு எடுப்பேன். தாதிப் பயிற்சிக்குப் போகிறவர்களும் சரி, வார்டு அட்டெண்டன் வேலைக்குப் போகிறவர்களும் சரி, அந்தத் தேர்வைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் ஒரு பகுதி தர்க்கம். மலாயில் பெனாக்குலான் என்பார்கள். மற்றப் பகுதிகளை மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடலாம். இதில் அந்த வேலை நடக்காது.

உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்தத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் தர்க்கத்தில்தான் கோட்டை விட்டேன். மூன்றாம் முறை எழுதலாம் என்று பார்த்தால் வயது தாண்டிவிட்டது. கையில் மிஞ்சியது ஒரு பெட்டி நிறையக் கேள்விப் புத்தகங்கள். எப்படியெல்லாம் தோற்கலாம் என்பதில் அந்த வட்டாரத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் கிடையாது என்று எல்லாரும் சேர்ந்து என்னை டீச்சர் ஆக்கிவிட்டார்கள். இதைப் படிக்கிற உங்களில் அப்படிப்பட்ட தேர்வுகளை எழுதியவர்கள் இருப்பீர்கள். எழுதி விழுந்தவர்கள் இன்னும் அதிகம் இருப்பீர்கள். நாம் எல்லாரும் ஒரே கட்சி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவது?

பறக்கும் பூனை

சுப்பையாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான்; மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் வெட்டு என்பார்கள். அவன் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு. தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிற மனநல மருத்துவமனையில் அட்டெண்டன் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். எங்கள் பக்கத்தில் யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால், 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?' என்றுதான் கேட்பார்கள். அதனால் சுப்பையா தன் ஆசையை யாரிடமும் சத்தமாகச் சொல்வதில்லை.

முதல் நாள் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதினேன்: 'எல்லாப் பூனைகளும் மீன்கள். எல்லா மீன்களும் பறக்கும். ஆகவே?' எல்லாப் பூனைகளும் பறக்கும் என்பது விடை. சுப்பையா கையைத் தூக்கினான். பூனை எப்படி மீனாகும் என்றான். ஆகாது, ஆகும் என்று வைத்துக்கொள் என்றேன். வைத்துக்கொண்டான். சரி, மீன் எப்படிப் பறக்கும் என்றான். அதையும் வைத்துக்கொள் என்றேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும்; அதை இறக்கி வைத்துவிட்டு, உண்மையா பொய்யா என்று பார்க்கக் கூடாது, சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு அதிலிருந்து என்ன வருகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும், இதற்குப் பெயர்தான் தர்க்கம் என்று அரை மணி நேரம் தொண்டை கிழியச் சொன்னேன். அவன் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் ரொம்பக் கவலையோடு கேட்டான்:

"அக்கா, இது தஞ்சோங் ரம்புத்தான்ல வேலை பாக்கறதுக்குப் பரீட்சையா, இல்ல அங்க போய்ப் படுக்கறதுக்குப் பரீட்சையா?"

மழையும் மரவெட்டும்

நான் இரண்டு தேர்விலும் கோட்டை விட்ட கேள்வி ஒன்று உண்டு. அதைப் பலகையில் எழுதும்போது எனக்கு இன்னும் கை கூசும். 'மழை பெய்தால் தோட்டத்தில் மரம் வெட்ட மாட்டார்கள். இன்று மரம் வெட்டவில்லை. ஆகவே, இன்று மழை பெய்ததா?' விடைகள் மூன்று: பெய்தது, பெய்யவில்லை, தகவல் போதாது. நான் இரண்டு தடவையும் 'பெய்தது' என்று கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனவள். சரியான விடை 'தகவல் போதாது' என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. ஏன் என்று எனக்கு விளங்க ஒரு வருஷம் பிடித்தது.

வகுப்பில் டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைப் போலவே 'பெய்தது' என்றார்கள். எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம். சுப்பையா மட்டும் தலையை ஆட்டினான். "அதெப்படிச் சொல்வீங்க? தீபாவளியா இருக்கலாம். இலை உதிர்ற காலமா இருக்கலாம். யூனியன்காரங்க கூப்பிட்டிருக்கலாம். மண்டோரோட மாமியார் செத்திருக்கலாம்," என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனான். வேலைக்காரர்களை மேய்க்கிற மண்டோருக்கு மாமியார் இருப்பார், அவரும் ஒரு நாள் சாவார் என்பது எனக்கு இரண்டு தேர்விலும் தோன்றவே இல்லை. இங்கிலீஷில் வாதம் டைப் அடித்து என்ன பிரயோஜனம்! எப்படியப்பா உனக்கு இது உடனே தெரிந்தது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவன் சொன்னான்:

"மழை பேஞ்சாத்தான் லீவுன்னு இருந்தா, எங்க தோட்டத்துல ஒரு கல்யாணம் காச்சிக்குப் போக முடியுமாக்கா?"

ஒரே மேசை

காதர் நானா ராமநாதபுரத்துப் பக்கம். அவர் அகராதியில் தர்க்கம் என்றால் தகராறு. முதல் மாதம் முழுக்க மாடிப்படியில் நின்று, "மேல என்ன தர்க்கம் நடக்குது? யாருக்கும் யாருக்கும்?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். மேலே தே தாரிக், அதுதான் நுரை பொங்க ஆற்றின டீ, கொண்டுவருகிற சாக்கில் பலகையையும் ஒரு பார்வை பார்ப்பார்.

அன்றைக்கு வட்ட மேசைக் கேள்வி. அஹ்மாட், பாலன், சோங், டேவிட், எலிசா என்று ஐந்து பேர். பாலன் டேவிட்டுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டான். சோங்குக்கு வலது பக்கம் எலிசா. எலிசாவுக்கும் டேவிட்டுக்கும் நடுவில் ஒருவர். அப்படியானால் டேவிட்டுக்கு இடது பக்கம் யார்? இதே மாதிரிக் கேள்விகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், வட்டம் போட்டுப் போட்டு அழித்து, கடைசியில் வலது எது இடது எது என்றே மறந்துபோகும். நாங்கள் முக்கால் மணி நேரமாக அழித்துக்கொண்டிருந்தோம். நானா தட்டை இறக்கி வைத்துவிட்டு விஷயம் என்னவென்று கேட்டார். சொன்னேன். தன் தொழிலில் நாங்கள் கைவைத்துவிட்ட மாதிரி அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஆகாதவன் ரெண்டு பேரை எதுக்கு டீச்சரம்மா ஒரே மேசையில உக்கார வைக்கிறீங்க? ரெண்டு மேசை போடுங்கலா, வந்தமா சாப்பிட்டமான்னு போவாங்க!"

என்ன முறை?

பிலோமினா சித்தியவான் பக்கத்துத் தோட்டத்துப் பெண். தாதிப் பயிற்சிக்கு எழுதுவதற்காகச் சிலிபினில் தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் வகுப்பு முடிந்து படியிறங்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அப்பாவின் தங்கை செசிலி அத்தைக்கு அந்தோணி என்று ஒரே மகன். ஐஸ் ஃபேக்டரியில் வேலை. கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அம்மா சொன்னால் உட்காருவான், எழுந்திரு என்றால் எழுந்திருப்பான். இவளைப் பிறந்த அன்றைக்கே அவனுக்கு என்று பேசி வைத்துவிட்டார்கள். நெருங்கின சொந்தம் என்பதால் கோயிலில் அனுமதி வேண்டுமே, அதற்கும் அத்தை ஃபாதரிடம் சொல்லி வைத்தாயிற்று. ரொம்பக் கெஞ்சினதில் அப்பா ஓர் இடம் கொடுத்திருக்கிறார்: 'ஒரே ஒரு தடவை எழுது. ஃபெயிலானா அந்தோணியைக் கட்டிக்கணும்.' நான் தோற்றபோது எனக்கு வேலைதான் போயிற்று.

இந்த லட்சணத்தில் அடுத்த சனிக்கிழமை உறவுமுறைக் கேள்வி வந்தது. கேள்விகள் எல்லாம் மலாயில் இருக்கும். நான் தமிழில் சொல்லி விளக்குவேன். 'ஓர் ஆணைக் காட்டி ஒரு பெண் சொல்கிறாள்: இவருடைய அம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன். அந்த அண்ணன்தான் என் அப்பா. அவர் இவளுக்கு என்ன முறை?' விடைகள்: அண்ணன், கணவன், செப்புப்பு, மருமகன். மலாயில் பெரியப்பா பிள்ளையும் செப்புப்புதான், அத்தை பிள்ளையும் செப்புப்புதான், சித்தி பிள்ளையும் செப்புப்புதான். எல்லாருக்கும் ஒரே சொல்.

வகுப்பு முழுக்க ஒரே குரலில் 'கணவன்' என்றது. எனக்குத் தலை சுற்றியது. "என்ன முறைன்னு கேட்டா, கட்டிக்கிற முறைதானே? இன்னும் ஆகல, ஆனா ஆகப்போறவர்," என்றான் சுப்பையா. மாடிப்படியிலிருந்து காதர் நானா, "எங்கள்லயும் அப்படித்தான்," என்று சாட்சி சொன்னார். மலாய்ப் புத்தகம் என்ன உறவு என்றுதான் கேட்டிருந்தது. அதை 'முறை' என்று தமிழாக்கி ஐந்து நிமிஷத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்து வைத்தது நான்தான். ஒரே ஒருத்தி மட்டும் செப்புப்பு என்று கட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தாள். அழுத்தின அழுத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. இதற்கு எதற்கு இவ்வளவு அழுத்தம் என்று கேட்டேன். பிலோமினா சொன்னாள்:

"செப்புப்புன்னு சொல்லிப் பாருங்க டீச்சர், அந்த வார்த்தையில மேளச் சத்தமே கேக்கல."

அத்தை வந்த சனிக்கிழமை

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது செசிலி அத்தை சித்தியவானிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். தன் மருமகளுக்கு அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கருவாட்டு வாசனையில் காதர் நானாவின் பூனை படியேறி வந்து எங்களோடு தர்க்கம் கேட்டது. அது பறக்கவில்லை.

நான் மழைக் கேள்வியைத் திரும்ப நடத்தினேன். மழை பெய்தால் வெட்டு இல்லை என்று மட்டும்தான் கேள்வியில் இருக்கிறது. மழை பெய்யாவிட்டால் என்ன என்று கேள்வி ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். யாருக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை. அத்தை கையைத் தூக்கினார். "அதாவது, மழை பெய்யலன்னா வெட்டு உண்டுன்னு நாமளா நெனச்சுக்கக் கூடாது. அப்படித்தானே டீச்சர்?" என்றார். எனக்கு வந்த பூரிப்பைச் சொல்லி முடியாது. நாலு மாதமாக நான் நாயாய்க் கத்தியது பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண்மணிக்கு ஒரே கேள்வியில் விளங்கிவிட்டதே! "கேட்டீர்களா? இதுதான் தர்க்கம்! எல்லாரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்," என்று சாக்பீஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புகழ்ந்தேன். அத்தை மெதுவாக பிலோமினா பக்கம் திரும்பினார். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது.

"எங்கண்ணன் என்ன சொன்னாரு? ஃபெயிலானா அந்தோணியக் கட்டணும்னாரு. பாஸானா கட்டக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலியே!"

பரீட்சை மண்டபத்து வாசலில்

அதன் பிறகு மூன்று வாரமும் பிலோமினா ஒரு வகுப்பும் தவறவில்லை. "அப்ப நான் எதுக்கு டீச்சர் படிக்கிறேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் பலகையைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். என் வாயால் கெடுத்த காரியம். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

தேர்வன்று வாசலில் போய் நின்றேன். பிலோமினா வெளியே வந்து, உறவுமுறைக் கேள்வி அச்சு அசலாக வந்திருந்தது என்றாள். சுப்பையா அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். நீ என்ன போட்டாய் என்றேன். கணவன் என்றான். அத்தனை தடவை சொல்லியும் ஏனப்பா என்று நடுரோட்டில் கத்தினேன். அவன் சொன்ன பதில்:

"செப்புப்புதான்னு தெரியும்கா, ஆனா கட்டிக்கிற முறைய அப்படி அம்போன்னு விட்டுட்டு வர எனக்கு மனசு வரல."

பெரியவரின் விடை

காலவரிசை கொஞ்சம் பிசகுகிறது, பரவாயில்லை. சுப்பையாவின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அந்த ஒரு கேள்வியை விட்டும் அவன் தேறிவிட்டான். தஞ்சோங் ரம்புத்தானில் வேலையும் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து வெள்ளைச் சட்டையோடு வகுப்புக்கு வந்தான். வார்டில் ஒரு பெரியவர் இருக்கிறாராம். யாரிடமும் பேச மாட்டார். ஒரு நாள் பொழுது போகாமல் அவரிடம் இவன் பூனைக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். அவர் கொஞ்சம்கூட யோசிக்காமல், 'பூனை பறக்காது தம்பி. ஆனா நீ சொன்னத நான் ஒத்துக்கிட்டா, பறக்கத்தான் வேணும்' என்றாராம். ஆறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான விடையை என் வகுப்பில் ஒருவரும் சொன்னது கிடையாது. அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். தே தாரிக்கைக் குடித்து முடித்து, கிளம்பும்போது சொன்னான்:

"உங்க கிளாஸ்ல இருந்த நாங்க வெளிய சுத்துறோம், அவரு உள்ள இருக்காருக்கா."

தகவல் போதாது

பிலோமினாவும் தேறினாள். முடிவு வந்த அடுத்த சனிக்கிழமை அத்தை மறுபடி பஸ் ஏறி வந்தார். இந்தத் தடவை கருவாடு இல்லை; ஒரு டப்பா நிறைய முறுக்கும் அதிரசமும். வந்ததும் வராததுமாக எல்லாருக்கும் கொடுத்தார். "நர்ஸ் மருமக எங்க சனத்துல யாருக்கு இருக்கு? ட்ரெய்னிங் முடியட்டும், அப்புறம் வச்சுக்கலாம்," என்றார். நான் விடவில்லை. கெடுத்தது நான், சரி செய்ய வேண்டியதும் நான். சாக்பீஸை எடுத்தேன். ஃபெயிலானால் கட்ட வேண்டும் என்றால், பாஸானால் கட்ட வேண்டும் என்றும் அதில் இல்லையே என்றேன். "கட்டக் கூடாதுன்னும் இல்லியே," என்றார். அப்படியானால் தகவல் போதாது என்றேன். "போதாததுக்குத்தானே பெரியவங்க நாங்க இருக்கோம்," என்றார். பலகை நிறைந்துவிட்டது, சாக்பீஸைக் கீழே வைத்தேன். தர்க்கத்தில் நான் மூன்றாவது தடவையாகத் தோற்றேன். இதற்கு மட்டும் வயது வரம்பு இல்லை போலிருக்கிறது.

அதுவரை பிலோமினா கையில் ஒரு அதிரசத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள். எழுந்து நின்றாள். "எனக்கு அந்தோணியக் கட்டிக்கப் பிடிக்கல அத்தை," என்றாள். முழுதாகச் சொல்லிவிட்டாள். மாடிப்படியில் காதர் நானா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். டப்பா பறந்து வரும் என்று நினைத்தேன்.

ஒன்றும் பறக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளை மேலும் கீழும் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணங்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். டப்பாவை அவள் பக்கமே தள்ளி வைத்தார். பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனவர், நின்று, திரும்பி, ஆற்றாமையோடு கேட்டார்:

"இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்காடி இத்தனை மாசம் பரீட்சைக்குப் படிச்ச?"

நாலு விடையைக் கொடுத்துக் கேட்கிற கேள்விகளிலேயே ஆறு வருஷம் உழன்ற எனக்கு, விடை தெரிந்தவளிடமே நேராக ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்பது மட்டும் அந்தப் பெட்டியில் இருந்த எந்தப் புத்தகத்திலும் அகப்படவே இல்லை.